கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்?

கேள்வி இது: வீட்டில் ஆறு பேர். கணவன், மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பையன்கள், எழுபதை நெருங்கும் அப்பா, முட்டிவலி உள்ள அம்மா. திருச்சிக்குள் தினமும் பள்ளி, அலுவலகம் என்று 20 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் ஒருமுறை எல்லோருமாகச் சொந்த ஊருக்கு, வருடத்துக்கு இரண்டு தடவை ஏதாவது ஒரு மலைக்கு. எப்போதாவது சித்தியும் சேர்ந்துகொள்வார். ஆன்-ரோடு 20 லட்சத்துக்குள், எஸ்யூவி மாதிரி தெரிகிற மூன்று வரிசை வண்டி எது வாங்கலாம்? ஆறு சீட் கேப்டன் சீட் மாடல்தான் (நடு வரிசையில் தனித்தனியாக இரண்டே இருக்கை) வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

அந்தக் கேப்டன் சீட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அது சரிவராது.

கணக்கு எளிது. ஆறு சீட் வண்டியில் ஆறு பேர் ஏறினால் கடைசி வரிசையின் இரண்டு இருக்கைகளும் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். கடைசி வரிசை நிமிர்ந்திருந்தால் டிக்கியில் மிஞ்சுவது ஹூண்டாய் அல்கசாரில் 180 லிட்டர், எர்டிகாவில் 209, கியா கேரன்ஸில் 216. கேபின் சைஸ் டிராலி இரண்டை நிற்க வைத்து, மேலே இரண்டு துணிப்பை அமுக்கினால் கதவு மூடும். ஆறு பேருடைய இரண்டு நாள் துணியும், ஊரில் இருந்து திரும்பும்போது ஏறும் அரிசி மூட்டையும், தேங்காயும் எங்கே போகும்? அதே வண்டியின் ஏழு சீட் மாடலில் நடு வரிசை மூன்று பேருக்கான பெஞ்ச். கடைசி வரிசை 50:50 பிரிந்து மடங்கும். ஆறாவது ஆளுக்கு ஒரு பாதி போதும், மறுபாதியை மடித்தால் டிக்கியில் இருந்து நடு வரிசை முதுகு வரை சாமானுக்குத்தான். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கேப்டன் சீட் சுகம். ஆறு பேருக்கு அது பொறி.

உங்கள் ஆட்களை உட்கார வைத்துப் பார்ப்போம். ஓட்டுநர் பக்கத்தில் அப்பா. நடு வரிசையில் இடது ஓரம் அம்மா, வலது ஓரம் சின்னவனின் சைல்டு சீட், நடுவில் நீங்கள் இருவரில் ஓட்டாதவர். கடைசி வரிசையின் இடப்பாதியில் பெரியவன், வலப்பாதி மடிந்து சாமான். சைல்டு சீட்டை ஏன் வலப்பக்கம் வைக்கச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இடப்பக்கம்தான் நடைபாதை, இறங்கி ஏறுவது அந்தப் பக்கம்தான். ஐசோஃபிக்ஸில், அதாவது இருக்கை இடுக்கில் உள்ள சைல்டு சீட் கொக்கியில், சைல்டு சீட் மாட்டிய இருக்கையை முன்னால் உருட்டி மடிக்க முடியாது. அதை இடப்பக்கம் மாட்டிவிட்டால் கடைசி வரிசைக்கு நல்ல வாசலே அடைபட்டுப் போகும்.

சைல்டு சீட் அகலமானது. அது ஒரு ஓரத்தில் இருக்கும்போது மீதி இடத்தில் இரண்டு பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்கார முடியுமா என்பதைத்தான் ஷோரூமில் முதலில் பார்க்க வேண்டும். எர்டிகாவின் வெளி அகலம் 1735 மில்லிமீட்டர், கேரன்ஸ் 1800, எக்ஸ்யூவி 700 வண்டி 1890. இந்த வித்தியாசம் வேறெங்கும் தெரியாது, நடு வரிசையில் மூன்றாவது ஆள் உட்காரும்போது தெரியும். நடு இருக்கைக்குத் தோள் வழியாக வரும் மூன்று முனை பெல்ட்டும், தலைத்தாங்கியும் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கிற அதே வேரியண்டில் பாருங்கள். விலை குறைந்த வேரியண்டில் கைவைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

இனி கடைசி வரிசை. கிராஸ்ஓவர் என்று விற்கப்படும் வண்டிகள் மோனோகாக் உடம்பு கொண்டவை, அதாவது தனி சேசிஸ் கிடையாது, கார் மாதிரிதான். தோற்றம் மட்டும் எஸ்யூவி. அந்தத் தோற்றத்துக்கு விலை கொடுப்பவர் பின்னால் உட்காருபவர். கூரை பின்பக்கம் சரிவதால் தலை இடிக்கிறது. தரைக்குக் கீழே பின் சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்டும் ஸ்டெப்னியும் இருப்பதால் கடைசி வரிசையில் தரை மேடேறி நிற்கும். இருக்கையையும் அதே அளவு உயர்த்தக் கூரை இடம் தராது. விளைவு, பெரியவர் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வரும். டாடா சஃபாரி, எக்ஸ்யூவி 700, அல்கசார் மூன்றிலும் கடைசி வரிசை சிறுவர்களுக்கானது, பெரியவர் என்றால் குறுகிய தூரத்துக்கு. எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா போன்ற எம்பிவி (பல பேர் போகவே வடிவமைத்த குடும்ப வண்டி) அச்சில் வந்த வண்டிகளில் ஐந்தரை அடி ஆள் இரண்டு மணி நேரம் முணுமுணுக்காமல் வருவார். சித்தி வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள்.

ஷோரூமுக்கு ஒரு டேப், உங்கள் வீட்டுப் பெரிய சூட்கேஸ், சைல்டு சீட், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டப்போகிறவர் முதலில் தன் வசதிக்கு இருக்கையைத் தள்ளி வைக்கட்டும். அதற்குப் பின்னால் நடு வரிசையை ஒருவர் முட்டி இடிக்காத அளவுக்கு நகர்த்தட்டும். அதற்குப் பிறகுதான் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். விற்பனையாளர் காட்டும்போது நடு வரிசை முழுக்க முன்னால் தள்ளியிருக்கும், அந்தக் கணக்கை நம்பாதீர்கள். உட்கார்ந்ததும் உள்ளங்கையைத் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். கை தடையில்லாமல் உள்ளே போனால் தொடைக்குத் தாங்கலே இல்லை என்று அர்த்தம், ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். டேப்பில் அளந்தால் தரையில் இருந்து இருக்கை 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு விரல் இடம் தேவை, வேகத்தடையில் தூக்கிப் போடும்போது அது தேவைப்படும். தலைத்தாங்கியை மேலே இழுத்துவிட்டு, அதன் பின்னால் டிக்கிக் கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள். பின்னால் லாரி வந்து இடித்தால் நடுவில் இருப்பது அந்த இடைவெளி மட்டும்தான்.

அம்மாவை இடப்பக்க நடுக் கதவில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டிவலிக்காரருக்கு இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம். எர்டிகாவும் கேரன்ஸும் ஏறக்குறைய அந்த உயரம். சஃபாரியும் ஸ்கார்ப்பியோ-என்னும் ஏற வேண்டிய உயரம், அங்கே கதவுத் தூணில் கைப்பிடி இல்லாவிட்டால் சிரமம். பிறகு நடு இருக்கையை மடித்து, பெரியவனைத் தானாகவே கடைசி வரிசைக்குப் போய் பெல்ட் போடச் சொல்லுங்கள். கேரன்ஸின் மேல் வேரியண்ட்களில் இடப்பக்க நடு இருக்கையின் தோளில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் இருக்கை தானாக மடிந்து முன்னால் உருளும். ஒன்பது வயதுப் பையனால் செய்ய முடிகிற வேலை அது. சில வண்டிகளில் லிவரை இழுத்து இருக்கையின் முழு எடையையும் தள்ள வேண்டும்.

ஏசி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். கடைசி வரிசைக்கு 'வென்ட் இருக்கு' என்று சொல்வார்கள். அந்த வென்ட்டுக்குப் பின்னால் தனி கூலிங் காயில் இருக்கிறதா, அல்லது நடு வரிசைக் காற்றையே உறிஞ்சி ஊதும் வெறும் ஃபேனா என்பதுதான் கேள்வி. சோதிக்க, வெயிலில் அரை மணி நேரம் நின்ற டெமோ வண்டியைக் கேளுங்கள். ஏசியை முழு வேகத்தில் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வென்ட்டில் கையை வையுங்கள். நான்கைந்து நிமிடத்தில் சில்லென்று வந்தால் காயில் இருக்கிறது. காற்று வெதுவெதுப்பாகவே வந்து, முன்பக்கம் குளிர்ந்த பிறகுதான் பின்னால் குளிர்கிறது என்றால் அது ஃபேன்தான். கடைசி வரிசைக் கண்ணாடி இறங்காது என்பதால் ஏசி போதாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு வேறு வழி இல்லை. பனோரமிக் சன்ரூஃப் இதற்கு நேர் எதிரி: தலை உயரத்தில் கொஞ்சம் தின்னும், சித்திரை வெயிலை உள்ளே விடும், கூரை வழியாக வர வேண்டிய ஏசி குழாயின் இடத்தையும் பிடுங்கும். திருச்சியில் அதற்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

பாதுகாப்புக்கு வருவோம். எக்ஸ்யூவி 700 வண்டி 2021-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. புதிய சஃபாரி 2023-இல் பெரியவர், குழந்தை இரண்டிலும் 5. கேரன்ஸ் 2022-இல் 3. எர்டிகா 2019-இல் 3 வாங்கி, விதிகள் கடுமையான பிறகு 2024-இல் 1-க்கு இறங்கியது. அதற்குப் பின் 2025-இல் எர்டிகாவுக்கு 6 ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் வந்துவிட்டது. ஆனால் உடம்பின் உறுதி வேறு, ஏர்பேக் வேறு.

இந்த நட்சத்திரங்களை வைத்துக் கடைசி வரிசையைக் கணக்கிடாதீர்கள். முன்மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்வரிசையிலும் குழந்தை பொம்மைகள் நடு வரிசையிலும்தான் உட்காரும், மூன்றாம் வரிசையில் பொம்மை கிடையாது. அதனால் நீங்களே கேட்க வேண்டிய கேள்வி: பக்கவாட்டுக் கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசை ஜன்னல் வரை வருகிறதா, நடு வரிசையோடு நின்றுவிடுகிறதா? புரோஷரில் படம் இருக்கும், அல்லது கடைசித் தூணின் உறையில் 'ஏர்பேக்' என்று பொறித்திருக்கும். பையனின் பக்கத்தில் அடுக்கும் சாமானையும் கட்ட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பத்து கிலோ டிராலி அவன் மேல்தான் வந்து விழும். ஓர் எட்டு அடி ராட்செட் பட்டையை டிக்கித் தரையில் உள்ள வளையங்களில் மாட்டி இறுக்கினால் போதும். பெரியவனுக்கு பெல்ட் கழுத்தில் உரசினால் பூஸ்டர் (உட்காரும் உயரத்தைக் கூட்டும் சீட்) வேண்டும். பெல்ட் தோள்பட்டையின் நடுவிலும் இடுப்பெலும்பிலும் படியும் உயரம் வரும்வரை அதை எடுக்கக்கூடாது.

எஞ்சினைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மைலேஜையே பேசுவார்கள். ஆறு பேரும் சாமானும் சேர்ந்தால் 450 கிலோ தாராளமாக வரும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அங்கே இரண்டாம் கியரில் ஏசியும் ஓட, எஞ்சின் இழுக்க வேண்டும். எர்டிகாவின் 1.5 பெட்ரோல் தருவது ஏறக்குறைய 137 நியூட்டன்-மீட்டர் டார்க் (இழுவிசை), கேரன்ஸின் சாதா 1.5 பெட்ரோல் 144. இரண்டும் ஏறும், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறக்கி, ஏசியை அணைத்துத்தான் ஏறும். கேரன்ஸின் 1.5 டர்போ பெட்ரோல் 253, டீசல் 250. எர்டிகா சிஎன்ஜி கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்று கம்பெனிக் கணக்கு, நகர ஓட்டத்துக்கு அருமை. ஆனால் சிலிண்டர் உட்காருவது டிக்கியில், மலையில் இழுவையும் குறைவு. உங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

டீசல் ஏன் வேண்டாம்? பிஎஸ்-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலை வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். தில்லைநகரில் இருந்து பள்ளிக்கு, பள்ளியில் இருந்து அலுவலகத்துக்கு என்று ஐந்தைந்து கிலோமீட்டராக ஓடினால் அது நடக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு சர்வீஸ் சென்டர்தான். பல டீசல்களில் புகையைச் சுத்தம் செய்யும் டிஇஎஃப் திரவமும் ஊற்ற வேண்டும், அது தீர்ந்தால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வருடம் 20,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டம் உள்ளவருக்கு டீசல் லாபம். உங்களுக்கு அவ்வளவு வராது.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் டார்க் கன்வெர்ட்டரா (எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவது), டிசிடியா (இரட்டை கிளட்ச்) என்று கேளுங்கள். உலர் கிளட்ச் டிசிடி நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும். முழுச் சுமையோடு மலையேற்றத்தில், விடுமுறை நெரிசலில் அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை காட்டும். அப்போது முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று, ஒரே மூச்சில் நகர வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் மேனுவலே நல்லது.

பட்ஜெட். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இது வருமான வரி போல அடுக்கடுக்காக அல்ல, முழு விலைக்கும் சேர்த்து. 9.99 லட்சம் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.30 லட்சம், 10.01 லட்சம் வண்டிக்கு 1.80 லட்சம். விலையில் இரண்டாயிரம் கூடினால் வரியில் ஐம்பதாயிரம். உங்கள் 20 லட்சம் ஆன்-ரோடு என்பது ஷோரூம் விலையில் 16 லட்சம்: வரி 2.88 லட்சம், டிசிஎஸ் என்று விற்பவர் பிடிக்கும் வரி 16,000 (வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுக்கலாம்), மீதி இன்ஷூரன்ஸும் சில்லறைச் செலவும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் உள்ள சின்ன எஞ்சின் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. ரெனோ ட்ரைபர் ஏழு சீட் இருந்தும் 18-க்குள் வருவது நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளத்தாலும் சின்ன எஞ்சினாலும். ஆனால் ஏழு சீட்டும் நிமிர்ந்தால் அதன் டிக்கி 84 லிட்டர், எஞ்சின் ஒரு லிட்டர். மலைக்கு வேண்டாம்.

புதிய இன்னோவா இரண்டுமே, ஹைகிராஸும் கிரிஸ்டாவும், இந்தக் கணக்கைத் தாண்டிவிடும். பழையதாக ஹைகிராஸ் கிடைத்தால் மூன்று வரிசையும் நிமிர்ந்த நிலையிலேயே 300 லிட்டர் டிக்கி, ஏழு பேரும் சாமானும் சேர்ந்து போக முடிகிற வண்டி அது. பழைய கிரிஸ்டா பார்ப்பதானால் டி-போர்டில் (டாக்சியாக) ஓடி ஓன்-போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய வண்டியா என்று ஆர்சி வரலாற்றில் பாருங்கள். மீட்டரைக் குறைத்திருப்பார்கள். ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத் தேய்மானமும், பிரேக் பெடல் ரப்பரும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆக, உங்கள் வீட்டுக்கு என் தேர்வு கேரன்ஸ் கிளாவிஸ் (கேரன்ஸின் புதிய வடிவம்), ஏழு சீட் பெஞ்ச், டர்போ பெட்ரோல், சன்ரூஃப் இல்லாத நடுத்தர வேரியண்ட். மாதாமாதம் கடைசி வரிசை நிரம்பும் வீட்டில் ஏறி இறங்கும் வசதியும் சாமான் இடமும்தான் தினசரி உரசும் விஷயங்கள். அப்பா அம்மா உங்களோடு மாதம் ஒருமுறை வராமல், வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் வருவார்கள் என்றால் இந்தத் தேர்வை மாற்றிவிடுவேன். அப்போது எக்ஸ்யூவி 700 (2026 முதல் அதன் பெயர் எக்ஸ்யூவி 7எக்ஸ்ஓ) ஏழு சீட், பட்ஜெட்டுக்குள் எந்த வேரியண்ட் வருகிறதோ அது. நெடுஞ்சாலையில் அந்த 5 நட்சத்திர உடம்புக்கு மதிப்பு அதிகம், கடைசி வரிசையில் இருக்கப்போவதும் பையன்தான். எர்டிகா மூன்றாவது, பராமரிப்புச் செலவும் மைலேஜும்தான் முக்கியம் என்பவருக்கு.

டெஸ்ட் டிரைவுக்கு ஒருவராகப் போகாதீர்கள், ஐந்து பேராவது ஏறுங்கள். ஏசியைப் போட்டு, மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். குறிக்கப்படாத வேகத்தடை ஒன்றில் நிதானமாக ஏறி இறங்குங்கள். புரோஷரில் போட்டிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் காலி வண்டிக்கானது, ஆட்கள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி அடி உரசும்.

வாங்கிய பிறகு இரண்டு பழக்கம். முழுச் சுமையோடு கிளம்பும் முன் டயர் காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறு அளவும் இருக்கும். பின் டயருக்கு அந்த இரண்டாவது எண்ணை வையுங்கள். பங்க் பையன் எல்லாவற்றுக்கும் 35 என்று அடித்துவிடுவான், விடாதீர்கள். அடுத்தது ஹெட்லைட். பின்பக்கம் அமுங்கும்போது மூக்கு தூக்கி, லோ பீமே எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0-இல் இருந்து எண்கள் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும். ஆட்கள் ஏறியதும் அதை 2-க்கோ 3-க்கோ தள்ளுங்கள், இறங்கியதும் 0-க்குக் கொண்டுவாருங்கள். எதிர்வண்டிக்காரர் உங்களுக்கு டிம்-டிப் அடித்துக்கொண்டே போனால் அதை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.